ஃபேமிலி டே பஸ்

நம் தெரு வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் மாறி மாறிக் கேட்டுவிட்டீர்கள், போன வாரம் காலையில் எங்கள் வீட்டில் என்ன சத்தம், கதவை எதற்கு உடைத்தீர்கள் என்று. ஒருத்தி “திருடனா?” என்று கேட்டு, கூடவே பயந்த முகம் ஒன்றையும் அனுப்பியிருந்தாள். ஒரு வரியில் பதில் போட்டுவிட்டு உலையைப் பார்க்கலாம் என்றுதான் ஃபோனை எடுத்தேன். ஒரு வரியில் அடங்கவில்லை. நீங்கள் எல்லாம் என்னோடு ஏரிக்கரையில் முட்டி தேய விழுந்து எழுந்தவர்கள். இப்போது நம் எல்லாருக்குமே தலையில் வெள்ளை எட்டிப் பார்க்கிறது, டை அடிக்கிறவர்கள் மட்டும் ஒத்துக்கொள்வதில்லை. அத்தையை உங்களுக்குத் தெரியும். அதனால் முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

நாம் ஐந்தாவது படித்த வருஷம். அப்போது ஒரகடத்தில் இத்தனை கம்பெனி கிடையாது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம்தான் ஒன்றிரண்டு வந்திருந்தன. நம் சேரப்பணஞ்சேரிப் பெண்களை ஏற்றிக்கொள்ள மெயின் ரோட்டு முனையில் ஒரு வெள்ளை பஸ் வந்து நிற்குமே, அதன் ஹார்ன் ஞாபகம் இருக்கிறதா? எருமை கத்துவதுபோல ஆரம்பித்து, முடிகிற இடத்தில் விக்கும். அந்தச் சத்தத்தில்தான் நம் தெருவே பல் தேய்த்தது.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணம் ஆகவில்லை. காருக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றுகிற லைனில் அவளுக்கு வேலை. நீலக் கோட்டு, கழுத்தில் போட்டோ ஒட்டிய ஐடி கார்டு, கையில் ரெண்டடுக்கு டிபன் டப்பா. வீட்டுக்கு வந்தால் அவள் மேலிருந்து கறுப்பு டேப்பின் பிசின் வாசனை வரும். எனக்கு அது மல்லிகையைவிடப் பிடித்த வாசனை. கோட்டுப் பையில் ஒட்டிக்கொண்டு வரும் ஒயர்த் துண்டுகளில் நமக்கெல்லாம் வளையல் பின்னிக் கொடுத்தாள். சிவப்பும் மஞ்சளும் எனக்குத்தான் வேண்டும் என்று நீங்கள் போட்ட சண்டையை நான் மறக்கவில்லை. அந்த வளையலில் ஒன்றுகூட இன்று யாரிடமும் இருக்காது.

அவள் முதலில் தொலைத்தது தூக்கத்தை. நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்கவேண்டியவள் முற்றத்தில் நடந்துகொண்டே இருப்பாள். கேட்டால், “லைன்ல என்னப் பத்திப் பேசிக்கினே கீறாங்க, இங்க வந்தாலும் வுட மாட்டேங்கறாங்க” என்பாள். அப்போது லைன் பத்து மைலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பெரியவர்கள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். காலாகாலத்தில் கட்டிக் கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள் சிலர். எவனையோ நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்றார்கள் சிலர். ஏரி ஓரத்துப் புளியமரத்தடியில் பயந்திருக்கிறாள் என்று ஒருவர் வந்து எலுமிச்சம்பழம் அறுத்துவிட்டுப் போனார். பாவம், எலுமிச்சம்பழம்.

பிறகுதான் சாப்பாட்டில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். அப்பா படப்பைக்குப் போய் ஒரு டாக்டரிடம் விவரம் சொன்னார். அத்தையை அந்த டாக்டர் பார்க்கவே இல்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து, நுணுக்கி சாப்பாட்டில் கலந்துவிடுங்கள், தெரியாது என்றாராம்.

அம்மா கரண்டியின் முதுகால் மாத்திரையை நுணுக்கி ரசத்தில் கலந்தாள். அத்தை முதல் வாய் வைத்ததும் மெல்லுவதை நிறுத்தினாள். உள்ளங்கையில் துப்பினாள்.

“அண்ணி, இதுல இன்னா கலந்த?”

“ஒண்ணுமில்லம்மா. மொளகு ஜாஸ்தியாப் போச்சி.”

“அப்ப நீ ஒரு வாய் துன்னு.”

அம்மா சாப்பிடவில்லை. மடியில் தம்பி பால் குடித்துக்கொண்டிருந்தான். மாத்திரை பாலில் இறங்கிக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். “பசிக்கலம்மா” என்று தட்டைத் தள்ளி வைத்தாள். அத்தை அம்மாவின் முகத்தையே பார்த்தாள், பிறகு எழுந்து கை கழுவினாள். அன்றோடு எங்கள் வீட்டு அடுப்பில் வெந்த எதையும் அவள் தொடவில்லை.

சாப்பாட்டில் கலக்கிறார்கள் என்று அவள் சொன்னபோது அது நோய். அம்மா கலந்தபோது அது உண்மை. இதில் எதை நம்பி அவள் எங்கள் பக்கம் வருவாள்? இப்போது கேட்கிறேன். அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு முட்டை. தானே கடையில் வாங்கி, தானே வேகவைத்து, ஓட்டில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து உரிப்பாள். கொஞ்ச நாளில் ஓட்டுக்குள் ஊசி ஏற்றிவிடுகிறார்கள் என்று அதையும் விட்டாள். பிறகு வாழைப்பழம், தோலில் ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது. புள்ளியில்லாத வாழைப்பழம் எங்கே கிடைக்கும்? அடிபம்பில் தானே அடித்துக் குடிக்கிற தண்ணீர்தான் கடைசியில் மிஞ்சியது. நீலக் கோட்டு அவள் தோளில் ஆணியில் மாட்டிய மாதிரி தொங்கியது. குளித்துவிட்டு வரும்போது அவள் முதுகெலும்பை எண்ணலாம். இப்படியே போனால் செத்துவிடுவாள் என்று அம்மா கிணற்றடியில் யாரிடமோ சொல்லி அழுததை நான் கேட்டேன்.

உடம்பு சரியானதும் வா என்று கம்பெனி அனுப்பிவிட்டது. ஆனாலும் அவள் தினமும் விடியும்போதே குளித்து, கோட்டு போட்டு, கார்டை மாட்டிக்கொண்டு மெயின் ரோட்டு முனைக்குப் போய் நின்றாள். அதைப் பார்த்து நாம் சிரித்திருக்கிறோம். நானும்தான். பஸ் வந்து நிற்கும். டிரைவர் நல்ல மனுஷன், ஒரு நாள்கூட அவளைத் தாண்டிப் போனதில்லை. கதவைத் திறந்து, “இன்னிக்கி ஒனக்கு லீவும்மா. வூட்டுக்குப் போயி ரெஸ்ட் எடு” என்பார். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வருவாள். வீடே சேர்ந்து சொன்னாலும் கேட்காதவள் அவர் சொன்னால் கேட்டாள்.

அந்த நம்பிக்கையைத்தான் அப்பா எடுத்துக்கொண்டார்.

இந்த ஏற்பாடு எனக்கு அன்றைக்குத் தெரியாது. எங்கள் மாடியில் குடியிருந்த அக்கா, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், அத்தையோடு அதே லைனில் வேலை பார்த்தவள், கல்யாணமாகிப் போய் ரொம்ப வருஷம் கழித்து வந்தபோது சொன்னது. வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் ஃபேமிலி டே வைப்பார்கள். வேலை செய்கிறவர்களின் குடும்பத்தைக் கம்பெனி பஸ்ஸிலேயே கூட்டிப் போய், லைனைச் சுற்றிக் காட்டி, சாப்பாடு போட்டு, பிள்ளைகளுக்குப் பென்சில் டப்பா கொடுத்து அனுப்புவார்கள். அந்த வருஷத்து ஃபேமிலி டே இன்னும் வரவில்லை. அதைச் சொல்லி அத்தையை பஸ்ஸில் ஏற்றி, நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டிவிடுவது என்று அப்பா முடிவு செய்தார்.

டிரைவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

“நான் மாட்டேன்பா. அந்தப் பொண்ணு என்னிய நம்பிகினு கீது.”

“அதனாலதாண்ணா ஒன்னக் கேக்கறேன்.”

மாடி அக்காவும் சொல்லிப் பார்த்திருக்கிறாள். “ஏமாத்திக் கூட்டிட்டுப் போகாதீங்க அண்ணாச்சி. அவட்ட சொல்லிக் கூட்டிட்டுப் போங்க.”

“சொன்னா வருவாளாம்மா?”

“வரமாட்டா.”

“அப்ப நான் இன்னா பண்ணட்டும், சொல்லு.”

அக்கா படியேறி மாடிக்குப் போய்விட்டாளாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீடு கல்யாணத்துக்குக் கிளம்புவதுபோலக் கிளம்பியது. அப்பா இஸ்திரி போட்ட சட்டை. அம்மா பீரோவின் அடியிலிருந்து எடுத்த பட்டுப்புடவை, இடுப்பில் தம்பி. எனக்கு தீபாவளிக்கு எடுத்த ரோஸ் கவுன். அத்தைதான் எனக்குத் தலை சீவி, பவுடர் போட்டு, கவுனின் முதுகுப் பட்டியைக் கட்டிவிட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

“உள்ள போனதும் என் எடத்தக் காட்டறேன் பாரு. எத்தினி ஒயரு, எத்தினி கலரு. கேன்டீன்ல கேசரி போடுவாங்க. நானும் துன்னுவேன்.”

“நெசமா சாப்புடுவியாம்மா?” என்றாள் அம்மா.

“அங்க எல்லாருக்கும் ஒரே அண்டாலேர்ந்துதான அண்ணி போடறாங்க. அதுல எப்பிடிக் கலப்பாங்க?”

அம்மா தம்பியின் துணியைச் சரிசெய்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஸ்ஸில் எங்களைத் தவிர யாருமில்லை. அத்தை தன் வழக்கமான ஜன்னல் சீட்டில் என்னை உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரகடம் பக்கம் திரும்பவேண்டிய பஸ் படப்பைப் பக்கம் திரும்பியது. “படப்பையில இன்னும் ரெண்டு ஃபேமிலி ஏத்திக்கணும்மா” என்றார் டிரைவர். கண்ணாடியில் அவர் எங்களைப் பார்க்கவில்லை. அத்தை சரி என்று தலையாட்டினாள்.

படப்பை வந்தது. பஸ் நிற்கவில்லை. மார்க்கெட் போனது, கோயில் போனது, பெட்ரோல் பங்க் போனது. அத்தை முதலில் அப்பாவைப் பார்த்தாள், அப்புறம் அம்மாவை. இருவரும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கத்துவாள் என்று நினைத்தார்களோ என்னவோ. அவள் கத்தவில்லை. கோட்டுப் பைக்குள் கையை விட்டு ஒரு வாழைப்பழத்தை எடுத்து என் மடியில், கவுனுக்கடியில் வைத்தாள். காதோரம் குனிந்து சொன்னாள்.

“இத வெச்சிக்க. தோலு கிழியல, நான் பார்த்துட்டேன். யாரு இன்னா குடுத்தாலும் வாங்கித் துன்னாத. பயப்படாத, நான் கீறேன்.”

“ஃபேமிலி டே இல்லியா அத்தே?”

“இல்ல.”

பிடித்துக்கொண்டு போவது எங்கள் ரெண்டு பேரையும்தான் என்று நினைத்திருக்கிறாள். அந்த பஸ்ஸில் எனக்கு உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

தாம்பரம் தாண்டி எங்கேயோ ஒரு பெரிய கேட்டுக்குள் பஸ் நுழைந்து நின்றது. இரண்டு ஆட்களும் ஒரு நர்சும் ஏறினார்கள். அத்தை முன்சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர்கள் இழுத்தார்கள், கை வரவில்லை. அப்பா அவளுக்கு முன்னால் மண்டியிட்டு, “வுடும்மா, என் கண்ணுல்ல, வுடும்மா” என்று அழுதுகொண்டே விரல் விரலாகப் பிரித்தார். சுண்டு விரலைப் பிரித்து அடுத்ததற்குப் போனால் சுண்டு விரல் மறுபடி வந்து பிடித்துக்கொள்ளும். நாள் பூராவும் டேப் சுற்றிப் பழகிய விரல்கள், அத்தனை பலம். அத்தை முன்பக்கம் பார்த்துச் சொன்னாள்.

“டிரைவரண்ணா, இன்னிக்கி எனக்கு லீவுன்னு சொல்லுண்ணா.”

அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாழைப்பழத்தை நான் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து சாமி மாடத்தில் வைத்தேன். கறுத்து ஈ மொய்த்ததும் அம்மா எடுத்துப் போட்டுவிட்டாள்.

ஒரு மாசத்துக்கு மேல் ஆயிற்று அவள் திரும்பி வர. கன்னம் தேறியிருந்தது. கை மட்டும் லேசாக நடுங்கியது, பேச்சில் ஒரு தூக்கம். ஆனால் அத்தைதான், எங்கள் அத்தை. லைனில் தன்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் இப்போது அவள் காதில் விழவில்லை. வந்த அன்றே “ரசம் இருக்கா அண்ணி?” என்று கேட்டாள். அம்மா தட்டில் போட்டு, அதே தட்டிலிருந்து தான் ஒரு வாய் எடுத்துத் தின்றுவிட்டு அவளிடம் நீட்டினாள். அன்றிலிருந்து சாகும்வரை அம்மா அந்தப் பழக்கத்தை விடவில்லை. விரத நாளில்கூட அத்தையின் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்பாள், விரதம் அவ்வளவுதான்.

அதனால் அப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த பஸ் போகாமலிருந்தால் அத்தை செத்திருப்பாள். இதை நான் ஆயிரம் தரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். உண்மைதான். ஆனாலும் மனசு ஆறவில்லை.

கம்பெனி அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. முதல் நாள் கோட்டு போட்டு முனைக்குப் போனாள், நானும் கூடப் போனேன். பஸ் நின்றது, கதவு திறந்தது. அத்தை ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தாள், எடுத்துவிட்டாள். மறுபடி வைத்தாள், எடுத்துவிட்டாள். உள்ளே பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் சீட்டிலிருந்து இறங்கிச் சுற்றி வந்தார்.

“நெசமாவே கம்பெனிக்குத்தாம்மா போவுது.”

“தெரியும்ணா” என்றாள்.

தெரிந்தும் கால் ஏறவில்லை. ஒரு வாரம் தினமும் போய்ப் பார்த்தாள். அப்புறம் வேலை போயிற்று. டிரைவர் வேறு ரூட் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நாளில் நிஜமான ஃபேமிலி டே வந்தது. நீங்கள் சிலர் அந்த பஸ்ஸில் போய்ப் பென்சில் டப்பாவோடு வந்தீர்கள். மாடி அக்கா என்னையும் கூப்பிட்டாள். எனக்கு வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் ஒரு சாயங்காலம், அப்பா முற்றத்தில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருக்கும்போது அத்தை அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள். குரலில் கோபமே இல்லை.

“அண்ணா, அடுத்த தபா எனக்கு இது வந்தா பொய் சொல்லாத. கட்டி இஸ்துகினு போ. ஆனா எங்க இஸ்துகினு போறன்னு சொல்லிட்டு இஸ்துகினு போ.”

அப்பா துணியைக் கீழே வைத்துவிட்டு அவள் தலைமேல் கையை வைத்தார். “சரிம்மா” என்றார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நீயும் கேட்டுக்க.”

கேட்டுக்கொண்டேன்.

அப்பாவுக்கு அந்த வாக்கைக் காப்பாற்றும் கஷ்டம் வரவில்லை. மாத்திரை அத்தையை நல்லபடியாக நிறுத்தி வைத்தது. ஒரகடத்தில் கம்பெனிப் பெண்கள் தங்குகிற ஹாஸ்டலில் சமையலுக்குப் போனாள். பஸ்ஸில் ஏறமாட்டாள், யார் வண்டியிலாவது பின்னால் உட்கார்ந்து போய்விடுவாள். ஒவ்வொரு அண்டாவிலிருந்தும் பிள்ளைகள் எதிரில் தான் ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டுத்தான் பரிமாறுவாளாம். ‘டெஸ்டிங் ஆயா’ என்று அவளுக்குப் பெயர். அப்பா போனார், அம்மா போனாள், அத்தை என்னோடு இருந்தாள்.

இந்த மழைக்காலத்தில்தான் கை நடுக்கம் அதிகமாயிற்று. ஒரு நாள் கொதிக்கிற சாம்பாரைக் கவிழ்த்துவிட்டாள். யார் மேலும் படவில்லை. ஆனால் நீங்கள் இனி வரவேண்டாம்மா என்று ஹாஸ்டலில் சொல்லிவிட்டார்கள். நடுக்கம் மாத்திரையால்தான் என்று அவளுக்குத் தெரியும். மாத்திரையை நிறுத்தினால் நடுக்கம் நிற்கும், நடுக்கம் நின்றால் வேலைக்குப் போகலாம். கணக்கு சரிதான். யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டாள். விழுங்காத மாத்திரைகள் அரிசி டிரம்மின் அடியில் கிடந்ததை நான் பார்த்தபோது, டிரங்குப் பெட்டியிலிருந்து நீலக் கோட்டு வெளியே வந்துவிட்டிருந்தது. சமையலைத் தொடுவதில்லை. முட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

டாக்டரைப் போய்ப் பார்த்தேன். இப்போதெல்லாம் முடிந்தவரை நோயாளியின் சம்மதத்தோடுதான் சேர்க்கவேண்டும், சட்டமே இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். நல்ல சட்டம்தான். “சம்மதம் கேக்கற நேரத்துல ஆளு உள்ள தாழ்ப்பா போட்டுக்கினா இன்னா சார் பண்றது?” என்று கேட்டேன். சாப்பிட்டு எத்தனை நாளாகிறது என்று கேட்டார். சொன்னேன். “கூட்டிட்டு வாங்க, எப்படியாவது” என்றார். அந்த ‘எப்படியாவது’ என்கிற இடத்தில் நான் வந்து மாட்டிக்கொண்டேன்.

போன வாரம் காலையில் அவளிடம் நேராகச் சொன்னேன். “அத்தே, ஒனக்கு மறுபடி வந்துடுச்சி. ஆஸ்பத்திரிக்குப் போவப் போறோம்.” அவள் என்னைப் பார்த்தாள், ரூமுக்குள் போனாள், தாழ்ப்பாள் போட்டாள். வாசலில் கார் நின்றது. தம்பி, அன்றைக்கு இடுப்பில் இருந்தவன், இன்று கம்பெனியில் சூப்பர்வைசர், கடப்பாரையோடு நின்றான். அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. சந்தோஷமான குரல்.

“பஸ்ஸு வந்துச்சா?”

தம்பி என் கையைப் பிடித்தான். “யக்கா, வந்துச்சின்னு ஒரு வார்த்த சொல்லு. தானா வெளிய வந்துடும். இந்த வயசுல கதவ ஒடச்சி இஸ்துகினு போவணுமா?”

அவன் சொன்னதில் தப்பில்லை. அத்தை மறுபடி கேட்டாள்.

“இன்னிக்கி ஃபேமிலி டே ஆச்சே. ரோஸ் கவுனு போட்டுகினியா? வா, பட்டி கட்டி வுடறேன்.”

ஒரு வார்த்தைதான். நாக்கு நுனியில் இருந்தது. அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்று அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது.

“பஸ்ஸு வரல அத்தே” என்றேன். “ஃபேமிலி டே இல்ல. ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம். கதவ ஒடைக்கப் போறோம், தள்ளி நில்லு.”

உள்ளே கட்டிலை இழுக்கும் சத்தம் கேட்டது. நீங்கள் கேட்ட சத்தம் அதற்குப் பிறகு வந்தது.

உள்ளே போனபோது நீலக் கோட்டோடு தரையில் உட்கார்ந்து கட்டில் காலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நான் அவள் எதிரில் மண்டியிட்டேன். எங்கே போகிறோம் என்று மறுபடி சொன்னேன். ஒவ்வொரு விரலைப் பிரிக்கும்போதும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை அத்தே, நீ கேட்ட மாதிரியே சொல்லிவிட்டுத்தான் கூட்டிப் போகிறேன் என்றேன். சுண்டு விரலைப் பிரித்து அடுத்ததற்குப் போனேன். சுண்டு விரல் மறுபடி வந்து பிடித்துக்கொண்டது.